கழுவிய கேனில் பால் ஏன் திரிகிறது?

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். எட்டு ஜெர்சி கலப்பின மாடுகள் வைத்திருக்கிறார். வாளி வகைக் கறவை மிஷின் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. சங்கத்துக்கு ஊற்றியது போக, முப்பது வீட்டுக்கு நேராகப் பால் கொடுக்கிறார். சித்திரை பிறந்ததிலிருந்து ஒரே புகார்: காலை 6 மணிக்குக் கொடுத்த பாலை 10 மணிக்குக் காய்ச்சினால் திரிந்துவிடுகிறதாம். சங்கத்திலும் தரம் குறைகிறது என்கிறார்களாம். “இரண்டு வேளையும் சோப்புத்தூள் போட்டுத்தான் கேனைக் கழுவுகிறேன். பிளீச்சிங் பவுடரும் கரைத்து ஊற்றுகிறேன். மடிநோய் இல்லையென்று டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டார். அப்புறம் எங்கேதான் கோளாறு?” என்பது அவர் கேள்வி.

தம்பி, நாளைக் காலை கறவை முடிந்து எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்த பிறகு ஒரு காரியம் செய்யுங்கள். கேன் மூடியில் இருக்கும் ரப்பர் வாஷரை ஒரு கரண்டிக் காம்பால் நெம்பி எடுங்கள். வாஷர் உட்கார்ந்திருந்த பள்ளத்தில் விரலை வைத்து ஒரு சுற்று ஓட்டுங்கள். விளக்கெண்ணெய் தடவியதுபோல வழுக்கும். மஞ்சளும் சாம்பலும் கலந்த ஒரு பசை விரலில் ஒட்டும். முகர்ந்தால் புளித்த தயிரும் ஈரச் சாக்கும் சேர்ந்த வாடை அடிக்கும். அடுத்து மிஷினின் லைனர் ஒன்றை, அதாவது மாட்டின் காம்பில் மாட்டும் கப்புக்குள் இருக்கும் ரப்பர் உறையைக் கழற்றி, வாயை விரித்து வெளிச்சத்தில் உள்ளே பாருங்கள். மயிரிழை மயிரிழையாக வெடிப்புகள் தெரியும். அந்த வெடிப்புகளுக்குள்ளும் இதே பசைதான். வாங்கியதிலிருந்து லைனரை மாற்றியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

கோளாறு பெரும்பாலும் இந்த இரண்டு இடத்தில்தான். டாக்டர் சொன்னது சரி, மடியிலிருந்து நல்ல பால்தான் வருகிறது. நீங்கள் கழுவுவதும் உண்மை. ஆனால் கழுவுகிற முறை அந்தப் பசையைத் தொடவே இல்லை.

அந்தப் பசைக்குப் பெயர் நுண்ணுயிர்ப் படலம், பயோஃபிலிம் என்பார்கள். நம் ஊர்க் குளத்துப் படித்துறையை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குள் இருக்கும் கடைசி இரண்டு படியில் காலை வைத்தால் வழுக்குகிறதே, அந்தப் பாசியில் பாதி இதே சங்கதிதான். குளத்தில் எவ்வளவு தண்ணீர் வந்து போனாலும் படியில் பிடித்தது போகாது. துடைப்பக்கட்டையால் தேய்த்தால்தான் போகும். பாக்டீரியா தண்ணீரிலோ பாலிலோ தனித்தனியாக மிதக்கும்போது ஒரு மாதிரி, ஏதாவது ஒரு பரப்பைப் பிடித்துக் குடியேறிவிட்டால் முற்றிலும் வேறு மாதிரி. குடியேறியதும் சர்க்கரைச் சங்கிலிகளும் புரதமும் கலந்த ஒரு கோந்தைச் சுரந்து தன்னைச் சுற்றி வீடு கட்டிக்கொள்கிறது. பல இனங்கள் ஒரே வீட்டில் அடுக்கடுக்காக வாழும்.

பால் படுகிற பரப்பில் இது மற்ற இடங்களைவிட வேகமாக நடக்கும். காரணம் பாலேதான். கழுவிப் பளபளக்கும் எவர்சில்வரில் பால் பட்ட சில நொடிகளிலேயே பால் புரதம் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சாக ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பூச்சின்மேல்தான் பாக்டீரியா வந்து உட்காரும். முதலில் உட்காருவது லேசாகத்தான், அந்த நேரத்தில் தண்ணீர் பட்டாலே பாதி போய்விடும். விட்டுவிட்டால் கோந்தைச் சுரந்து இறுக்கிக்கொள்ளும். அதன்மேல் கொழுப்பு, அதன்மேல் சுண்ணாம்புச் சத்து, மறுபடி பாக்டீரியா. நன்றாக வளர்ந்த படலம் சும்மாவும் இருக்காது. அடுத்த வேளைப் பால் அதன்மேல் ஓடும்போது துணுக்குத் துணுக்காகப் பிய்ந்து பாலில் கலக்கும். தயிருக்கு உறை ஊற்றுவதுபோல, உங்கள் கேன் மூடி தினமும் இரண்டு வேளை பாலுக்கு உறை ஊற்றிக்கொண்டிருக்கிறது.

இதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சித்திரை வெயிலில், பால் கறந்த சூட்டோடு இருக்கும்போது, பாக்டீரியா சுமார் அரை மணிக்கு ஒரு முறை இரட்டிப்பாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 மணியிலிருந்து 10 மணிக்குள் எட்டு இரட்டிப்பு, அதாவது 256 மடங்கு. ஒரு மில்லி பாலில் 1,000 பாக்டீரியாவோடு கிளம்பிய பால் 10 மணிக்கு இரண்டரை லட்சத்தில் நிற்கும், காய்ச்சினால் ஒன்றும் ஆகாது. அதே பால் கேனிலும் லைனரிலும் உறை வாங்கிக்கொண்டு 1 லட்சத்தோடு கிளம்பினால், 10 மணிக்கு இரண்டரைக் கோடியைத் தாண்டிவிடும். அந்த அளவுக்குப் போன பாலில் அமிலம் கூடத் தொடங்கியிருக்கும். பச்சையாகப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், அடுப்பில் ஏற்றினால் திரியும். மாசி மாதம் வரை புகார் இல்லாமல் சித்திரையில் வந்ததற்கும் இதுதான் விளக்கம். படலம் மாசியிலும் இருந்தது. வெயில் அதைக் காட்டிக் கொடுத்தது.

சரி, பிளீச்சிங் பவுடர் ஊற்றியும் ஏன் சாகவில்லை? இந்தக் கேள்விக்கு முந்நூறு வருடத்துக்கு மேல் வயது. நுண்ணோக்கியில் முதன்முதலில் பாக்டீரியாவைப் பார்த்த நெதர்லாந்துக்காரர் லீவன்ஹூக், தன் பல்லில் படிந்த வெள்ளை அழுக்கைச் சுரண்டிப் பார்த்தார். வினிகர் ஊற்றினால் அழுக்கின் வெளிப்பக்கத்தில் இருந்தவை மட்டும் செத்தன, வினிகர் உள்ளே முழுக்கப் போகவில்லை என்று எழுதினார். அது அச்சானது 1684-இல். பல்லில் படியும் அந்தக் காறையும் ஒரு நுண்ணுயிர்ப் படலம்தான். அதன்பிறகு ரொம்பக் காலம் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1978-இல் கனடாவின் காஸ்டர்டனும் அவருடைய சகாக்களும், இயற்கையில் பாக்டீரியா பெரும்பாலும் மிதந்து வாழ்வதில்லை, ஒட்டித்தான் வாழ்கிறது என்று எடுத்துச் சொன்ன பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது.

குளோரின் விஷயத்தில் நடப்பதும் அதேதான். குளோரின் எந்தக் கரிமப் பொருளைப் பார்த்தாலும் அதோடு வினைபுரிந்து தீர்ந்துபோகும். மேலே இருக்கிற பால் புரதமும் கோந்தும் அதைத் தின்று தீர்த்துவிடுகின்றன. உள் அடுக்குக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான். அங்கே இருக்கிற பாக்டீரியாவோ அரைத் தூக்கத்தில், வளராமல் கிடக்கும். வளராத உயிரை மருந்தால் கொல்வது கடினம். மிதக்கிற பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து, படலத்துக்குள் இருப்பதைக் கொல்லப் பத்து மடங்கிலிருந்து ஆயிரம் மடங்கு வரை தேவைப்படலாம் என்பார்கள். அவ்வளவு குளோரின் ஊற்றினால் எவர்சில்வரே பொத்துப்போகும். அழுக்கின்மேல் ஊற்றுகிற பிளீச்சிங் பவுடர் வீண் செலவு, தம்பி. கழுவுவது வேறு, கிருமி கொல்வது வேறு. முதல் வேலை முடிந்தால்தான் இரண்டாவது வேலைக்கு அர்த்தம்.

உள்ளே குடியிருப்பது யார் என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி உண்டு. திரிந்த பாலை ஆறவைத்து ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள். புளித்தால் லாக்டிக் அமில வகைகள், கோலிஃபார்ம்கள். ஈரமாக மூடி வைத்த கேன், வாஷர் எல்லாம் அவர்கள் இடம். புளிப்பே இல்லாமல் பால் திரிந்திருந்தால் பேசில்லஸ் சீரியஸ் போன்ற வித்து விடும் வகையைச் சந்தேகிக்க வேண்டும். அது மண்ணிலும் வைக்கோலிலும் இருப்பது. அதன் வித்து கொதிக்கவைத்தாலும் தாங்கும், எவர்சில்வரில் நன்றாக ஒட்டும். ஐப்பசி கார்த்திகையில் கொட்டகை சேறாகி மடியில் சேறு அப்பும்போது இது கூடும். பால் கசந்தால், அது குளிரிலும் வளரும் சூடோமோனாஸ்.

இந்தக் கடைசி ஆளைப் பற்றிச் சங்கத்துக்காரர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். பி.எம்.சி-யில், அதாவது சங்கத்தின் பால் குளிரூட்டும் தொட்டியில், 4 டிகிரிக்குக் குளிரவைத்துவிட்டோம், இனிப் பயமில்லை என்று நினைக்கிறோம். 4 டிகிரியிலும் சூடோமோனாஸ் மெதுவாக வளரும். அது சுரக்கும் நொதிகள் புரதத்தையும் கொழுப்பையும் உடைப்பவை. 72 டிகிரியில் 15 வினாடி பாஸ்டரைஸ் செய்தால் பாக்டீரியா செத்துவிடும், நொதி சாகாது. பாக்கெட்டுக்குள் போன பிறகும் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். பச்சைப் பால் நிலையில் படலத்தை விட்டுவிட்டால், பின்னால் எந்தச் சூட்டாலும் அதை முழுக்கச் சரிசெய்ய முடியாது.

நான் வேலை பார்த்த குளிரூட்டு நிலையம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கோடையில் மூன்று வாரம், இரவு டேங்கரில் போகிற பால் மட்டும் கொதிசோதனையில் திரும்பத் திரும்பத் தோற்றது. பால் சேர்த்து வைக்கும் பெரிய தொட்டியான சைலோவைத் திறந்து பார்த்தோம், பளபளவென்று இருந்தது. பம்ப்பைக் கழற்றினோம், சுத்தம். ஊர் ஊராகப் போய்ச் சங்கங்களைத் திட்டிவிட்டும் வந்தோம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான், அவர்கள் பாலில் ஒரு குறையும் இல்லை. கடைசியில் ஒரு ஃபிட்டர்தான் கண்டுபிடித்தார். பழைய பம்ப்பை இடம் மாற்றியபோது, குழாயில் ஒரு முழம் நீளத்துக்கு ஒரு கிளையை மூடி போட்டு அடைத்து அப்படியே விட்டிருந்தார்கள். பால் அதற்குள் போகும், வெளியே ஓடாது. கழுவும் காரக் கரைசலும் அந்த வாயைக் கடந்து போகுமே தவிர உள்ளே போய்ச் சுழலாது. மூடியைக் கழற்றியதும் உள்ளேயிருந்து பழைய சோற்றுக் கஞ்சிபோல ஒன்று வழிந்தது. அந்த நாற்றம் இரண்டு நாள் கையை விட்டுப் போகவில்லை. கிளையை அறுத்து வெல்டிங் வைத்தார்கள், மறுநாளே பால் தேறியது. பெரிய ஆலையோ உங்கள் எட்டு மாட்டுக் கொட்டகையோ, படலம் தேடுவது ஒரே இடத்தைத்தான்: ஓட்டமில்லாத மூலை, ரப்பர், கீறல், இணைப்பு.

கீறல் என்றதும் ஞாபகம் வருகிறது. கேனை மணல் போட்டோ இரும்பு நார் போட்டோ தேய்க்காதீர்கள். பாக்டீரியாவின் அளவு ஒரு மைக்ரான் சுமார், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பால் ஆலைகளில் எவர்சில்வர் பரப்பின் மேடுபள்ளம் 0.8 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும் என்று வைத்திருப்பது இதனால்தான். இரும்பு நார் போடுகிற ஒவ்வொரு கீறலும் அதற்கு ஒரு வாய்க்கால். நைலான் பிரஷ் போதும்.

அப்புறம் தண்ணீர். உங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பும் கடுமையும் கலந்ததுதானே? கழுவிய கேன் காய்ந்தபின் உள்ளே சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைத் திட்டு தெரிந்தால், அது பால்கல். பாலில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும், தண்ணீரின் கடுமையும், புரதமும் சேர்ந்து கெட்டியாகிப் படிவது. பாக்டீரியாவுக்கு இது ஓட்டு வீடு மாதிரி. சோப்புக்கு அசையாது, எவ்வளவு காரம் போட்டாலும் அசையாது. அமிலம்தான் அதைக் கரைக்கும். எலுமிச்சை மூடியால் அந்தத் திட்டைத் தேய்த்துப் பாருங்கள், தேய்த்த இடம் மட்டும் பளிச்சென்று ஆனால் பால்கல் என்று முடிவு செய்துவிடலாம்.

நம் பாட்டிகள் பித்தளைச் சொம்பைச் சாம்பலாலும் புளியாலும் தேய்த்தார்கள். சாம்பல் காரம், அது கொழுப்பையும் புரதத்தையும் எடுக்கும். புளி அமிலம், அது உப்புப் படிவை எடுக்கும். தேங்காய் நார் உராய்வு. அதன்பிறகு கவிழ்த்து வெயிலில் காயவைத்தார்கள். இன்றைக்குக் கோடி ரூபாய் ஆலையில் குழாய்களைக் கழற்றாமலே கழுவுகிறார்களே, அங்கேயும் இதுதான்: முதலில் சுடுகாரம், பிறகு அமிலம், உராய்வுக்குப் பதில் வினாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் ஓட்டம். காரம், அமிலம், உராய்வு என்ற மூன்றும் சாம்பலிலும் புளியிலும் நாரிலும் அப்போதே இருந்தன.

உங்கள் கொட்டகைக்கு வருவோம். கறவை முடிந்த உடனே, பால் காய்வதற்குள், வெதுவெதுப்பான தண்ணீரால் அலசுங்கள். கை பொறுக்கும் சூடு, 40 டிகிரி போதும். எடுத்தவுடன் கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் புரதம் வெந்து ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணீர் என்றால் கொழுப்பு உறைந்து நிற்கும். அலசிய தண்ணீர் தெளிந்து வரும்வரை அலச வேண்டும், இந்த ஒரு படியிலேயே அழுக்கில் பெரும்பகுதி போய்விடும். அடுத்து, பால் பாத்திரத்துக்கென்று விற்கும் காரப் பவுடரைச் சுடுதண்ணீரில் கரைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். துணி துவைக்கிற சோப்புத்தூளை விட்டுவிடுங்கள். அது நுரையும் வாசனையும்தான் அதிகம் தரும், பாலிலும் வாசனை ஏறும். வாஷரைக் கழற்றாமல் மூடியைக் கழுவினால் அது கழுவியதில் சேராது. ஒவ்வொரு நாளும் ஒரு வேளையாவது வாஷர் வெளியே வர வேண்டும். உங்கள் தண்ணீருக்கு வாரம் இரண்டு முறை, காரத்தை நன்றாக அலசியபின், பால்கல் நீக்கும் அமிலக் கரைசலால் கழுவ வேண்டும். அலுமினியக் கேன் வைத்திருந்தால் காஸ்டிக் சோடாவைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள், அலுமினியத்தை அரித்துவிடும்.

கழுவியதும் கவிழ்த்து, மூடியைத் தனியாக, காற்றும் வெயிலும் படும்படி வையுங்கள். ஈரத்தோடு மூடியை மாட்டி வைப்பது இதுவரை செய்த வேலை அத்தனையையும் ராத்திரியோடு ராத்திரியாக வீணாக்கும். காய்ந்த பரப்பில் படலம் வளராது.

பிளீச்சிங் கரைசல் கழுவியதும் ஊற்ற வேண்டியதில்லை. அடுத்த கறவைக்குச் சற்று முன்னால், சுத்தமான பாத்திரத்தில் ஊற்ற வேண்டும். 200 பி.பி.எம். போதும், அதாவது பத்து லட்சம் பங்கில் 200 பங்கு குளோரின். புதிதாகத் திறந்த, 30 சதவீத குளோரின் உள்ள பவுடர் என்றால் 10 லிட்டர் தண்ணீருக்கு 7 கிராம். 4 சதவீத திரவம் என்றால் லிட்டருக்கு 5 மில்லி. சில நிமிடம் படவிட்டு முழுக்க வடித்துவிடுங்கள், ஒரு சொட்டுகூடப் பாலில் தங்கக்கூடாது. திறந்து கட்டாமல் வைத்த பவுடர், நம் ஊர் ஈரக்காற்றில் சீக்கிரமே வீரியம் இழக்கும். முக்கியமான ஒன்று: அமிலக் கரைசலையும் பிளீச்சிங்கையும் ஒரே வாளியில் கலக்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூச்சை அடைக்கும். வீட்டில் கழுவுகிறவர்கள் அத்தனை பேருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

லைனரைப் பொறுத்தவரை கழுவிக் காப்பாற்ற முடியாது, மாற்றத்தான் வேண்டும். ரப்பர் லைனருக்கு ஆயுள் சுமார் 2,500 கறவை. எட்டு மாடு, இரண்டு வேளை, ஒரே செட் என்றால் நாளைக்கு 16. ஐந்து மாதத்தில் 2,500 முடிந்துவிடும். நீங்கள் பதினெட்டு மாதமாக ஓட்டுகிறீர்கள். செலவுதான், தெரிகிறது. ஆனால் முப்பது வீட்டில் பத்து வீடு நின்றுபோனால் ஆகிற நஷ்டத்தோடு வைத்துப் பாருங்கள். பால் குழாய்களையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

கடைசியாக, என் சொல்லை நம்பிச் செலவு செய்வதற்கு முன்னால் நீங்களே சோதித்துக்கொள்ளலாம். சங்கத்தில் மெத்திலின் நீலச் சோதனைக்குக் குழாயும் நீலக் கரைசலும் இருக்கும், செயலாளரிடம் கேளுங்கள். ஒரே மாடு, ஒரே வேளை. முதல் இரண்டு பீச்சை விட்டுவிட்டு, கொதிநீரில் போட்டெடுத்த பாட்டிலில் கையால் கறந்த பால் ஒரு குழாய். மிஷின் வாளியிலிருந்து ஒரு குழாய். கேனில் ஊற்றி மூடி ஆட்டியபின் ஒரு குழாய். ஒவ்வொன்றிலும் 10 மில்லி பாலுக்கு 1 மில்லி நீலக் கரைசல், 37 டிகிரி தண்ணீரில் நிற்கட்டும். பாலில் பாக்டீரியா எவ்வளவு அதிகமோ, அவ்வளவு சீக்கிரம் நீலம் வெளுக்கும். நீலம் 5 மணி நேரம் தாங்கினால் மிக நல்ல பால். 3, 4 மணி என்றால் நல்ல பால். ஒன்றிரண்டு மணியில் வெளுத்தால் சுமார், அரை மணியில் வெளுத்தால் மோசம். முதல் குழாய் தாங்கி இரண்டாவது சீக்கிரம் வெளுத்தால் லைனரும் குழாயும். இரண்டாவதும் தாங்கி மூன்றாவது வெளுத்தால் கேனும் வாஷரும். முதல் குழாயே வெளுத்தால் மட்டும் டாக்டரை மறுபடி கூப்பிட்டு மடியைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று குழாயும் எத்தனை மணிக்கு வெளுத்தன என்று குறித்து எழுதுங்கள் தம்பி, அதை வைத்து மேற்கொண்டு சொல்கிறேன்.